கீபோர்டிலிருந்து கணினிக்குப் போவது ஒலி அல்ல

இசைக் கீபோர்டை யுஎஸ்பி கேபிளால் கணினியோடு இணைத்தாயிற்று. விளக்கு எரிகிறது. கட்டையை அழுத்தினால் ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. மிடி கீபோர்டு, அதாவது மிடி என்ற பொதுக் கட்டளை மொழியில் கணினியோடு பேசும் கீபோர்டு, வாங்கிய முதல் நாளில் பெரும்பாலோர் வந்து நிற்கும் இடம் இதுதான். கேபிள் பழுது, கீபோர்டு பழுது என்று முடிவுகட்டி, கடைக்குத் திருப்பி எடுத்துப்போகிறவர்களும் உண்டு. பல நேரங்களில் இரண்டுமே நன்றாகத்தான் இருக்கும்.

கேபிள் வழியாக ஒலி போவதில்லை என்பதைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். போவது கட்டளை மட்டுமே. நடு ஸ்தாயி சி கட்டையை ஓரளவு அழுத்தமாகத் தட்டினால் கீபோர்டு அனுப்புவது மூன்றே மூன்று எண்கள்: 144, 60, 100. முதலாவது ‘ஒன்றாம் சேனலில் ஒரு ஸ்வரம் தொடங்குகிறது’ என்பதைக் குறிக்கும். சேனல் என்பது ஒரே கேபிளில் ஓடும் தனித்தனிப் பாதைகளில் ஒன்று. இரண்டாவது எந்தக் கட்டை என்பது. 0 முதல் 127 வரையுள்ள எண்களில் நடு சி-யின் எண் 60. மூன்றாவது கட்டை எவ்வளவு வேகமாக இறங்கியது என்பது. இதை வெலாசிட்டி என்பார்கள். விரலை எடுத்ததும் ‘60 முடிந்தது’ என்று இன்னொரு கட்டளை போகும். பியானோவா வீணையா, சுருதி எது, ஒலி எவ்வளவு என்பதெல்லாம் அந்த எண்களில் இல்லை. அவற்றைக் கேட்டு ஒலியை உண்டாக்க கணினிக்குள் ஒரு கருவி உட்கார்ந்திருக்க வேண்டும். அது இல்லாதவரை கட்டளைகள் வந்து குவியும், ஒலி பிறக்காது.

அதனால் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கட்டளை வந்து சேரவில்லையா, வந்த கட்டளை ஒலியாக மாறவில்லையா? இந்த இரண்டு பாதைகளையும் குழப்பிக்கொண்டு எல்லா அமைப்புகளையும் ஒரே நேரத்தில் மாற்றத் தொடங்கினால், நன்றாக இருந்த ஒன்றும் கெட்டுப்போகும்.

வட்ட முனையும் யுஎஸ்பியும்

மிடி பிறந்தபோது யுஎஸ்பி கிடையாது. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த ‘நாம்’ (NAMM) என்ற இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் நிறுவனத்தின் புராஃபெட்-600 கருவியையும் ரோலண்டின் ஜூபிட்டர்-6 கருவியையும் ஒரு கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். போட்டி நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டது அன்று பெரிய செய்தி. இதற்குப் பின்னால் இருந்த சீக்வென்ஷியலின் டேவ் ஸ்மித், ரோலண்டின் இக்குதாரோ ககேஹாஷி இருவருக்கும் 2013-இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கொடுக்கப்பட்டது. அன்று வகுத்த கட்டளை மொழிதான் இன்று வாங்கும் கீபோர்டிலும் ஓடுகிறது. 2020-இல் மிடி 2.0 வந்தபோதும் பழைய மொழியைத் தூக்கிப் போடவில்லை.

அந்தக் காலத்து இணைப்பு ஐந்து பின் கொண்ட வட்ட முனை. ஐந்தில் மூன்றே பயன்படும்: நான்கும் ஐந்தும் கட்டளைக்கு, இரண்டு கேபிளின் கவசத்துக்கு. வேகம் நொடிக்கு 31,250 பிட். ஒரு பைட்டுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பிட் சேர்த்துப் பத்துப் பிட் ஆவதால், மூன்று பைட் கொண்ட ஒரு ஸ்வரக் கட்டளை போய்ச் சேர 0.96 மில்லி செகண்ட் ஆகும். பத்து விரலையும் ஒன்றாக வைத்தால் கடைசி ஸ்வரம் கிட்டத்தட்ட 7 முதல் 10 மில்லி செகண்ட் தள்ளி வரும். வாசிப்பவர் இதை உணர்வது அரிது. கேபிள் 15 மீட்டருக்குள் இருப்பது நல்லது.

இந்த வட்ட முனைக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. கட்டளையை வாங்கும் கருவியில் ஆப்டோ ஐசொலேட்டர் என்ற சிறு பாகம் இருக்கும். மின்சைகை அங்கே ஒளியாக மாறி மறுபக்கம் மீண்டும் மின்சைகையாகும். இரண்டு கருவிகளுக்கும் இடையே நேரடி மின் தொடர்பு இல்லாததால் இரைச்சல் கடக்காது. இன், அவுட் மாற்றிச் செருகினாலும் எதுவும் எரிந்துபோகாது. வேலை செய்யாது, அவ்வளவுதான்.

பழைய கீபோர்டில் வட்ட முனை மட்டும் இருந்தால் யுஎஸ்பி-மிடி இணைப்பான் வேண்டும். கீபோர்டின் அவுட் துளையிலிருந்து கிளம்பும் கம்பி இணைப்பானின் இன் பக்கம் போக வேண்டும். மலிவான கேபிள் வகை இணைப்பான்களில் முனைகளிலேயே இன், அவுட் என்று எழுதியிருக்கும். ‘இன்’ என்று எழுதிய முனையைக் கீபோர்டின் அவுட் துளையில்தான் செருக வேண்டும், ஏனென்றால் அது கணினிக்கு உள்ளே வருவதைச் சொல்கிறது. சில தயாரிப்புகளில் இதற்கு நேர்மாறாக அச்சிட்டிருப்பார்கள். வரவில்லை என்றால் இரண்டையும் மாற்றிச் செருகிப் பாருங்கள். இந்த மலிவு ரகங்களில் ஸ்வரங்கள் ஒழுங்காகப் போனாலும், சிஸ்எக்ஸ் எனப்படும் நீண்ட கட்டளைகள் பாதியில் அறுந்துபோவதுண்டு. பழைய சிந்தசைசரின் ஒலித்தொகுப்புகளைக் கணினியில் சேமிக்க நினைப்பவர்கள் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து நல்ல இணைப்பானாக வாங்குவதே சரி.

இடம் மிச்சப்படுத்த 3.5 மில்லிமீட்டர் சின்ன முனையில் மிடி தரும் கருவிகளும் இப்போது நிறைய. அதில் ஏ, பி என இரண்டு கம்பி அமைப்புகள் புழங்கின. 2018-இல்தான் ஏ வகையைப் பொதுவாக வைத்துக்கொண்டார்கள். பழைய கருவிக்கான மாற்றுமுனை வாங்கும்போது எந்த வகை என்று பார்த்து வாங்குங்கள்.

யுஎஸ்பி கீபோர்டுகளில் வேலை எளிது. பின்பக்கம் இருக்கும் சதுரத் துளை டைப் பி. சில புதிய கீபோர்டுகளில் மைக்ரோ யுஎஸ்பியோ டைப் சி-யோ இருக்கும். வீட்டுக் கீபோர்டுகளில் ‘டு ஹோஸ்ட்’ என்று எழுதியிருப்பதுதான் கணினிக்கு. ‘டு டிவைஸ்’ என்று எழுதிய தட்டையான துளை பென் டிரைவுக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. மைக்ரோ, டைப் சி முனைகளில் வேறொரு தொல்லை: கைபேசி சார்ஜருடன் வந்த கேபிள்களில் சிலவற்றில் மின்சாரக் கம்பி மட்டும் இருக்கும், தரவுக் கம்பி இருக்காது. கீபோர்டில் விளக்கு எரியும், கணினிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதே கேபிளில் கைபேசியை இணைத்துப் புகைப்படங்களைக் கணினிக்கு மாற்ற முடிகிறதா என்று பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஒலி இல்லாத, வெறும் கட்டளை அனுப்பும் கன்ட்ரோலர் கீபோர்டுகள் பெரும்பாலும் யுஎஸ்பி வழியே மின்சாரத்தையும் எடுத்துக்கொள்ளும். சாதாரண யுஎஸ்பி 2 துளை 500 மில்லி ஆம்பியர் வரை தரும். மின்சாரம் தனியாக இல்லாத ஹப்பில் கீபோர்டு, ஹார்ட் டிஸ்க், ஆடியோ இன்டர்ஃபேஸ் (வெளியே வைக்கும் ஒலி அட்டை) மூன்றையும் தொங்கவிட்டால் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கீபோர்டு காணாமல் போகும். நேராகக் கணினியின் துளையில் செருகுவதே நல்லது. ஸ்பீக்கரோடு வரும் வீட்டுக் கீபோர்டுகளுக்கு யுஎஸ்பி மின்சாரம் போதாது. அடாப்டரையும் போட்டு, கீபோர்டை ஆன் செய்தபிறகுதான் கணினி அதை அடையாளம் காணும்.

கட்டளை வருகிறதா என்று பார்ப்பது

யுஎஸ்பி மிடிக்கென ஒரு பொது இலக்கணம் 1999 முதல் இருக்கிறது. அதைப் பின்பற்றும் கீபோர்டுகளுக்குத் தனி டிரைவர் (கருவியைக் கணினிக்கு அறிமுகப்படுத்தும் மென்பொருள்) தேவையில்லை, செருகினாலே போதும். பெட்டியில் ‘கிளாஸ் கம்ப்ளையன்ட்’ என்றிருக்கும். யமஹாவின் பழைய மாடல்கள் பலவற்றுக்கு விண்டோஸில் அவர்களுடைய யுஎஸ்பி-மிடி டிரைவரை நிறுவ வேண்டும். ரோலண்ட் கருவிகள் சிலவற்றில் பொது டிரைவர், சொந்த டிரைவர் என்று தேர்ந்தெடுக்க ஓர் அமைப்பு இருக்கும். அதை மாற்றினால் கருவியை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் நடைமுறைக்கு வரும்.

விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ஒலி, வீடியோ, கேம் கன்ட்ரோலர்கள் என்ற பகுதியில் கீபோர்டின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். மேக்கில் ஆடியோ மிடி செட்டப் என்ற செயலியில் மிடி ஸ்டுடியோ சாளரத்தைத் திறந்தால் கீபோர்டு ஒரு படமாக நிற்கும். மங்கலாக இருந்தால் இணைப்பு அறுந்திருக்கிறது. லினக்ஸில் அல்சா அமைப்பு தானாகவே அடையாளம் காணும்.

பெயர் தெரிவதோடு நிறுத்தாதீர்கள். விண்டோஸில் மிடி-ஆக்ஸ், மேக்கில் மிடி மானிட்டர் போன்ற இலவச மென்பொருளைத் திறந்து ஒரு கட்டையை அழுத்துங்கள். எண்கள் வரிவரியாக ஓடினால் கேபிள், கீபோர்டு, டிரைவர் மூன்றும் சரி. இனித் தேட வேண்டியது ஒலிப் பக்கத்தில். இந்த ஒரு சோதனை எத்தனையோ மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

சோதித்து முடித்ததும் அந்த மென்பொருளை மூடிவிட வேண்டும், முக்கியமாக விண்டோஸில். அங்கே பல டிரைவர்களில் ஒரு மிடி போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் திறக்க முடியும். மிடி-ஆக்ஸ் பிடித்து வைத்திருந்தால் உங்கள் இசைப்பதிவு மென்பொருள் ‘சாதனத்தைத் திறக்க முடியவில்லை’ என்று சொல்லும். பியானோ பயிற்சி தரும் இணையதளம் ஏதாவது உலாவியில் திறந்திருந்தாலும் இதே கதைதான். மேக்கில் இந்தக் கட்டுப்பாடு எப்போதும் இல்லை. விண்டோஸ் 11-க்காக மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய புதிய மிடி சேவையும் இதை நீக்குகிறது. பழைய கணினிகளில் தொல்லை தொடரும்.

விண்டோஸில் இன்னொன்று: நேற்று ஒரு யுஎஸ்பி துளையிலும் இன்று வேறொரு துளையிலும் செருகினால், சில கீபோர்டுகளைப் புதிய சாதனமாக எடுத்துக்கொண்டு பெயருக்கு முன்னால் ‘2-’ என்று போட்டுவிடும். இசைப்பதிவு மென்பொருள் பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். ஒரே துளையை வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

கட்டளையை ஒலியாக்குவது

ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளை வைத்துச் சொல்கிறோம். 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம், சுமாரான கணினியிலும் ஓடும். மற்ற மென்பொருள்களிலும் படிகளின் வரிசை இதுதான், பெயர்கள்தான் மாறும்.

ஆப்ஷன்ஸ் மெனுவில் பிரிஃபரன்சஸ் போய், மிடி சாதனங்கள் அல்லது மிடி உள்ளீடுகள் என்ற பக்கத்தைத் திறக்க வேண்டும். கீபோர்டின் பெயர்மேல் வலது கிளிக் செய்து உள்ளீட்டை இயக்க வேண்டும். அடுத்து கன்ட்ரோல், டி (T) அழுத்தி ஒரு டிராக், அதாவது பதிவுப் பாதை, உருவாக்குங்கள். அதன் எஃப்எக்ஸ் பொத்தானை அழுத்தி ரியாசிந்த் என்ற சிறு கருவியைப் போடுங்கள். இது ரீப்பரோடு சேர்ந்தே வருகிறது. கேட்க இனிமையாக இருக்காது, ஆனால் சோதனைக்கு இதைவிட எளியது இல்லை. பிறகு டிராக்கைப் பதிவுக்குத் தயாராக்கும் சிவப்பு ஆர்ம் பொத்தானை அழுத்தி, உள்ளீட்டை மிடி, எல்லாச் சாதனங்களும், எல்லாச் சேனல்களும் என்று வைத்து, வாசிப்பதை உடனே கேட்கவைக்கும் மானிட்டரிங்கை ஆன் செய்யுங்கள்.

பலர் தடுக்கி விழுவது உள்ளீட்டில்தான். ஆர்ம் செய்த டிராக்கின் உள்ளீடு மைக்குக்கான ஆடியோவாக நின்றுகொண்டிருக்கும். கீபோர்டின் கட்டளை வாசல்வரை வந்து திரும்பிப் போய்விடும். ஏபிள்டன் லைவில் இதற்கு இணையான தவறு, மிடி அமைப்புப் பக்கத்தில் ‘டிராக்’ என்பதை இயக்காமல் ‘ரிமோட்’ என்பதை மட்டும் இயக்குவது. குமிழ்கள் வேலை செய்யும், கட்டைகள் பேசாது. எஃப்எல் ஸ்டுடியோவில் மிடி அமைப்புகளில் சாதனத்தைத் தேர்ந்தெடுத்து ‘எனேபிள்’ அழுத்தாமல் விடுவது. லாஜிக், கராஜ்பேண்ட் இரண்டும் இந்தச் சிக்கலை வைப்பதே இல்லை. மென்பொருள் கருவி டிராக் ஒன்றைத் திறந்தால் போதும்.

ரியாசிந்த் ஒலித்துவிட்டதா? இனி சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல் போன்ற இலவசக் கருவிகளையோ நீங்கள் வாங்கிய ஒலித்தொகுப்புகளையோ அதே இடத்தில் போட்டுக்கொள்ளலாம். அப்போது சில கட்டைகள் மட்டும் ஒலிக்கவில்லை என்றால் பதற வேண்டாம். இயல்பான வயலின் ஒலித்தொகுப்பு தன் மிகத் தாழ்ந்த தந்தியான ஜி-க்குக் கீழே, அதாவது 55-க்குக் கீழே, பேசாது. அந்தக் கீழ்க் கட்டைகளைப் பல தொகுப்புகள் வில்லால் இழுப்பது, விரலால் மீட்டுவது என்று வாசிப்பு முறையை மாற்றும் விசைகளாக வைத்திருக்கும். தவறி ஒருமுறை அதைத் தொட்டுவிட்டால் வயலின் முழுவதும் மீட்டல் ஒலியாக மாறிவிட்டது போலத் தோன்றும்.

ஸ்தாயி எண்ணிலும் ஒரு குழப்பம் உண்டு. 60-ஆம் எண்ணை யமஹா சி3 என்கிறது, வேறு பலர் சி4 என்கிறார்கள். மென்பொருளில் ஒரு ஸ்தாயி தள்ளித் தெரிந்தால் பெயர்தான் வேறு, ஸ்வரம் ஒன்றே.

தாமதம்

கட்டையைத் தட்டியபின் ஒலி சற்றுப் பிந்தி வருவதுதான் அதிகம் பேரை மனம் தளர வைக்கிறது. பழியை எல்லோரும் மிடியின்மேல் போடுகிறார்கள். மேலே பார்த்தபடி கட்டளை வந்து சேர ஒன்றிரண்டு மில்லி செகண்ட் போதும். தாமதம் பிறப்பது ஒலிப் பக்கத்தில்.

கணினி ஒலியைத் தொடர்ச்சியாக உண்டாக்குவதில்லை. ஒரு கொத்துச் சாம்பிள்களை, அதாவது ஒலி அலையின் அடுத்தடுத்த அளவுகளை, கணக்கிட்டு ஒலி அட்டையிடம் கொடுத்துவிட்டு அடுத்த கொத்தைக் கணக்கிடும். அந்தக் கொத்தின் அளவே பஃபர். நொடிக்கு 44,100 சாம்பிள் என்ற வேகத்தில் 128 சாம்பிள் பஃபர் என்றால் 2.9 மில்லி செகண்ட், 256 என்றால் 5.8, 512 என்றால் 11.6, 1024 என்றால் 23.2. இதற்குமேல் டிரைவரும் ஒலி அட்டையும் தம் பங்குக்குச் சில மில்லி செகண்ட் சேர்க்கும். ஒலி காற்றில் ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். எனவே 10 மில்லி செகண்ட் தாமதம் என்பது ஸ்பீக்கரை மூன்றரை மீட்டர் தள்ளி வைத்ததற்குச் சமம். பெரும்பாலோர் அதற்குப் பழகிவிடுவார்கள். 20-க்குமேல் போனால் விரலும் காதும் ஒத்துப்போகாது. துரிதகாலம் வாசிக்கவே முடியாது.

அப்படியானால் பஃபரை 32 என்று வைத்துவிடலாமே என்று தோன்றும். கொத்து சிறிதானால் அதைக் கணக்கிடக் கணினிக்குக் கிடைக்கும் நேரமும் சிறிதாகும். குறித்த நேரத்துக்குள் முடிக்காவிட்டால் ஒலியில் ‘பட் பட்’ என்று வெடிப்பு கேட்கும். வாசித்துப் பதிவு செய்யும்போது 128 அல்லது 256, பல டிராக்குகளை ஒன்றுசேர்த்துக் கலக்கும்போது 1024 என்று வேலைக்கேற்ப மாற்றிக்கொள்வதே நடைமுறை. கலக்கும்போது யாரும் நேரலையாக வாசிப்பதில்லை, ஆகவே தாமதம் உறுத்தாது.

விண்டோஸில் பஃபரை மட்டும் குறைத்தால் போதாது, டிரைவர் வகையும் சரியாக இருக்க வேண்டும். ரீப்பரின் ஆடியோ சாதனப் பக்கத்தில் வேவ்அவுட் அல்லது டைரக்ட்சவுண்ட் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால் தாமதம் கூடுதலாகத்தான் இருக்கும். ஆடியோ இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர்கள் அதன் தயாரிப்பாளர் தரும் ஆசியோ டிரைவரை நிறுவி அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மடிக்கணினியின் சொந்த ஒலி அட்டை மட்டுமே இருக்கிறது என்றால் வாசாபி எக்ஸ்க்ளூசிவ் முறையையோ ஆசியோ4ஆல் என்ற இலவச டிரைவரையோ பயன்படுத்தலாம். அவை ஒலி அட்டையை முழுதாகத் தம் வசம் எடுத்துக்கொள்ளும். யூடியூபில் அந்த நேரம் சத்தம் வராவிட்டால் அது கோளாறல்ல. மேக்கில் கோர் ஆடியோவே போதுமானது.

பஃபர் போதிய அளவு இருந்தும் வெடிப்பு நிற்கவில்லை என்றால், மின்சேமிப்பு முறையையும் வைஃபையையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். விண்டோஸில் லேட்டன்சிமான் என்ற கருவி எந்த டிரைவர் நேரத்தைத் தின்கிறது என்று பெயரோடு காட்டும்.

புளூடூத் ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு வாசிக்க முயலாதீர்கள். சாதாரண புளூடூத் ஹெட்ஃபோன் 100 முதல் 200 மில்லி செகண்ட் அல்லது அதற்கும் மேல் சேர்த்துவிடும். எந்த அமைப்பை மாற்றினாலும் அது சரியாகாது. கம்பி வைத்த சாதாரண ஹெட்ஃபோன் விலை குறைவு, வேலைக்கும் அதுவே சரி.

நிற்காத ஸ்வரம், இரட்டை ஒலி

தொடக்கக் கட்டளை வந்து முடிவுக் கட்டளை வராவிட்டால் ஸ்வரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். வாசித்துக்கொண்டிருக்கும்போது கேபிள் ஆடினால் இப்படி ஆகும். கட்டையை அழுத்திப் பிடித்தபடியே ஸ்தாயியை மாற்றும் பொத்தானைத் தொட்டாலும் சில கீபோர்டுகளில் இது நடக்கும்: தொடங்கியது 60, முடிவுக் கட்டளை போனது 72-க்கு. பெரும்பாலான இசைப்பதிவு மென்பொருள்களில் அனைத்து ஸ்வரங்களையும் நிறுத்தும் கட்டளை ஒன்று உண்டு. பேனிக் என்று அழைப்பார்கள். அதற்கு ஒரு குறுக்குவிசையை முன்னமே வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா ஸ்வரங்களுமே நீண்டு, பெடலை மிதித்தால் மட்டும் நிற்கின்றன என்றால் அது வேறு. சஸ்டெயின் பெடல் ஒரு சாதாரண சுவிட்ச். மிதிக்காதபோது சுற்று மூடியிருக்கும் வகையும் உண்டு, திறந்திருக்கும் வகையும் உண்டு. யமஹாவின் எஃப்சி5 முதல் வகை. பெரும்பாலான கீபோர்டுகள் ஆன் ஆகும் நொடியில் பெடல் எந்த நிலையில் இருக்கிறதோ அதையே ‘மிதிக்காத நிலை’ என்று எடுத்துக்கொள்ளும். எனவே பெடலை முதலில் செருகி, காலை எடுத்துவிட்டு, பிறகு கீபோர்டை ஆன் செய்தால் சரியாகிவிடும். ஆன் செய்தபின் செருகுவதும், கால் பெடல்மேல் இருக்கும்போது ஆன் செய்வதும்தான் பெரும்பாலும் காரணம்.

வீட்டுக் கீபோர்டை இணைத்தவர்களுக்கு வரும் தொல்லை இரட்டை ஒலி. கீபோர்டின் சொந்த ஒலியும் கணினியின் ஒலியும் சேர்ந்து, சற்று முன்பின்னாகக் கேட்கும். கீபோர்டின் ஃபங்ஷன் மெனுவில் லோக்கல் கன்ட்ரோலை ஆஃப் செய்தால் கட்டைகளுக்கும் உள்ளே இருக்கும் ஒலிக்கருவிக்கும் தொடர்பு அறுந்துவிடும், கட்டளை மட்டும் கணினிக்குப் போகும். அணைத்துப் போட்டால் பெரும்பாலும் மீண்டும் ஆன் ஆகிவிடும். இதை மறந்து, ‘கீபோர்டு ஊமையாகிவிட்டது’ என்று பயப்படுபவர்களும் இருக்கிறார்கள்.

கீபோர்டின் ரிதம், ஸ்டைல் பகுதியை ஓடவிட்டு வாசித்தால், பல மாடல்கள் அந்தப் பின்னணிக் கட்டளைகளையும் வேறு சேனல்களில் அனுப்பும். எல்லாச் சேனல்களையும் கேட்கும் டிராக்கில் தாளமும் கார்டும் உங்கள் மெலடியோடு ஒரே வயலின் ஒலியில் கலந்துவிடும். உள்ளீட்டில் ஒன்றாம் சேனலை மட்டும் தேர்ந்தெடுத்தால் தெளிந்துவிடும்.

கீபோர்டின் ஒலியையும் பதிவு செய்யலாம் என்று ஆடியோ கேபிளையும் யுஎஸ்பியையும் சேர்த்து ஒரே கணினியில் இணைத்தால் ‘ம்ம்’ என்ற இரைச்சல் எழலாம். இரண்டு கருவிகளின் எர்த் இணைப்பு இரண்டு வழிகளில் வளையமாகச் சேர்வதே காரணம். மடிக்கணினியின் சார்ஜரை எடுத்துப் பாருங்கள். நின்றுவிட்டால் எல்லாவற்றையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகுங்கள். அப்படியும் தீராவிட்டால் யுஎஸ்பியை விட்டு வட்ட முனைக்குப் போவது நல்ல தீர்வு, ஆப்டோ ஐசொலேட்டர் அங்கே கைகொடுக்கும்.

சுருதியும் கமகமும்

நம் பாட்டுக்காரர்களோடு வேலை செய்பவர்கள் முதலில் தொடும் பொத்தான் டிரான்ஸ்போஸ். பாடகருக்கு ஐந்து கட்டை (ஜி சுருதி), வாசிப்பவர் சி-யிலேயே ச வைத்துப் பழகியவர் என்றால், ஏழு படி உயர்த்திக்கொள்வார். இது கட்டளையின் எண்ணையே மாற்றுகிறது: 60 அழுத்தினால் 67 போகும், பதிவிலும் 67 என்றே இருக்கும். பிறகு அதைத் திருத்தும்போது கண்ணில் படுவது வாசித்த கட்டை அல்ல. மாறாக, மென்பொருளில் டிராக்கின் கருவிக்கு முன்னால் டிரான்ஸ்போஸ் வைத்தால், பதிவு சி-யிலேயே நிற்கும், கேட்பது மட்டும் ஐந்து கட்டை. பாடகர் நாளை நாலரை கட்டை என்றால் ஓர் எண்ணை மாற்றினால் போதும். இந்த வழியையே நாங்கள் பரிந்துரைப்போம்.

நுண்சுருதி வேறு. நாதஸ்வரத்தோடோ புல்லாங்குழலோடோ ஒத்துப்போக கீபோர்டின் டியூனிங்கை 440 ஹெர்ட்ஸிலிருந்து 443-க்கு ஏற்றினால், அது கீபோர்டின் சொந்த ஒலியைத்தான் மாற்றும். அனுப்பும் ஸ்வர எண் மாறாது. கணினிக் கருவி 440-இலேயே நின்று சுருதி விலகும். அந்தத் திருத்தத்தை மென்பொருள் கருவியிலும் தனியாகச் செய்ய வேண்டும்.

கமகத்துக்கு வருவோம். மிடி ஒரு ஸ்வரத்தைத் தொடக்கம், முடிவு என்றே பார்க்கிறது; நடுவில் நடக்கும் அசைவெல்லாம் சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தின் பொறுப்பு. சக்கரம் அனுப்புவதும் வெறும் எண்தான்: 0 முதல் 16,383 வரை, நடுவே 8192. எத்தனை ஸ்வரம் வளைய வேண்டும் என்பதை அந்த எண் சொல்வதில்லை, ஒலிக்கும் கருவியின் அமைப்பே தீர்மானிக்கிறது. பெரும்பாலான கருவிகளில் அது மேலே இரண்டு, கீழே இரண்டு அரைஸ்வரம். தோடியின் காந்தாரத்தை அசைப்பதற்குக்கூட இதில் இடம் உண்டு. ஆனால் ச-விலிருந்து ப-வுக்கு ஒரே இழுப்பில் ஜாரு போட ஏழு அரைஸ்வரம் வேண்டும். கருவியின் பெண்ட் எல்லையை 7 அல்லது 12 ஆக்க வேண்டியிருக்கும்.

எல்லையை விரித்தால் ஒரு விலை கொடுக்க வேண்டும். கட்டளையில் 16,384 படிகள் இருந்தாலும், மலிவான கீபோர்டுகள் பலவற்றின் சக்கரம் உண்மையில் 128 படிகளைத்தான் அனுப்புகிறது. ஓர் அரைஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். இரண்டு அரைஸ்வர எல்லையில் மொத்தம் 400 சென்ட். ஒரு படி சுமார் 3 சென்ட், காதுக்கு வழவழப்பாகவே இருக்கும். எல்லையை 12 ஆக்கினால் 2400 சென்ட், ஒரு படி கிட்டத்தட்ட 19 சென்ட். மெதுவாக இழுக்கும்போது படிக்கட்டு ஏறுவது காதில் விழும். வாங்கும் முன் கடையிலேயே ஒரு மிடி மானிட்டர் செயலியில் சக்கரத்தை மெல்ல நகர்த்தி, எண்கள் நெருக்கமாக ஓடுகின்றனவா, 128 விட்டு 128 தாவுகின்றனவா என்று பார்த்துவிடலாம். ஆண்ட்ராய்டு 6-க்குப் பிந்தைய கைபேசிகள் பலவற்றிலும் ஓடிஜி கேபிள் வழியாக இதைச் செய்ய முடியும். கமகத்துக்காகவே வாங்குகிறவர்கள் கட்டைகளின் எண்ணிக்கையைவிட இதற்கு முதலிடம் கொடுக்க வேண்டும்.

இன்னொரு குறை, பெண்ட் ஒரு சேனல் முழுமைக்கும் பொது. இடக்கையில் ச-ப பிடித்துக்கொண்டு வலக்கையில் ரி-யை அசைத்தால் ச-வும் ப-வும் சேர்ந்தே ஆடும். சுருதிக்கு ஒரு டிராக், ராகத்துக்கு வேறு டிராக் என்று தனித்தனியாகப் பதிவு செய்வது எளிய வழி. 2018-இல் ஏற்கப்பட்ட எம்பிஇ முறை ஒவ்வொரு விரலுக்கும் தனிச் சேனல் கொடுத்து இதைத் தீர்க்கிறது. ரோலி சீபோர்டு அதற்கேற்ற கருவி, ஏ.ஆர். ரஹ்மான் வாசிக்கும் கன்டினுவம் ஃபிங்கர்போர்டிலும் ஒவ்வொரு விரலும் தனியே வளைக்கும். எம்பிஇ-யில் பெண்ட் எல்லை இயல்பாகவே 48 அரைஸ்வரம். ஒலிக்கும் கருவியில் எம்பிஇ-யை ஆன் செய்து, வாசிக்கும் கருவி, ஒலிக்கும் கருவி இரண்டிலும் 48 இருக்கிறதா என்று பாருங்கள். வாசிக்கும் கருவியில் 48, ஒலிக்கும் கருவியில் 2 என்றிருந்தால் விரலை எவ்வளவு இழுத்தாலும் ஸ்வரம் துளிதான் அசையும்.

இதே காரணத்தால்தான், ஒரு கருவியில் அழகாக வந்த கமகம் வேறொரு கருவியைப் போட்டதும் அபஸ்வரமாகிறது. பதிவில் இருப்பது எண்களே. 12 எல்லையில் வாசித்ததை 2 எல்லை உள்ள கருவி வாசித்தால் ப-வுக்குப் போக வேண்டிய ஜாரு சதுச்ருதி ரி-யைக்கூடத் தொடாது. எந்த எல்லையில் வாசித்தீர்களோ அதை டிராக்கின் பெயரிலேயே, ‘வீணை பெண்ட் 12’ என்று எழுதி வைத்துவிடுங்கள்.